தோப்புக்குள் திருடன் வந்தால் சுடலாமா? துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் படிப்படியான சட்ட விளக்கம்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் தோப்பும் தொழுவமும் வைத்திருப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள். "லைசென்ஸ் இருக்கு சார், இடுப்புல வச்சுக்கிட்டுத் தோப்புக்குப் போகலாமா? எவனாச்சும் மோட்டாரைக் கழட்டுனா, சுட்டாக் கேஸ் வருமா?"

இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன: வைத்திருக்கலாமா, கொண்டு போகலாமா, சுடலாமா. முதல் இரண்டுக்கும் பதில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளிலும் இருக்கிறது. மூன்றாவதற்கு, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவைப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் கொடுத்த கலெக்டர் சுடுவதற்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிட்டார் என்று நினைப்பவர்கள் நம்மூரில் நிறையப் பேர். அப்படி எந்த அனுமதியும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்குள் வந்தால் சுடுவேன்" என்று பேசுவதை இங்கேயே விட்டுவிடுங்கள். அங்கேயே அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

படி 1: முதலில் உரிமத்தை எடுத்துப் பாருங்கள்

21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். ஊர்ப்புறத்தில் உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். உங்கள் எல்லைக் காவல் நிலையத்தின் அறிக்கை போன பிறகுதான் கோப்பு நகரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமத்தின் ஆயுள் 5 ஆண்டு. எந்தப் பகுதிக்குச் செல்லும், எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு உரிமமே ரத்தாகலாம்.

பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் போட்டு வைத்திருந்தால், சுடவே வேண்டாம், வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. "பன்னிக்காக வச்சிருந்தேன்" என்பது அங்கே எடுபடாது. ஏர் கன் பற்றியும் கேட்கிறார்கள்: 0.177 அங்குலத்துக்கு மேல் குழல் விட்டமோ, குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும்.

படி 2: கொண்டு போகும் முறை

இங்கே பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. மறைத்து எடுத்துச் செல்வது குற்றம் என்று நினைக்கிறார்கள். உரிமம் உள்ளவருக்கு நம் விதி அதற்கு நேர்மாறு. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். டபுள் பேரல் போன்ற நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பை. கல்யாண மண்டபத்தில் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுவதும், ஜல்லிக்கட்டுத் திடலில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதும்தான் வம்பு. கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உரிமம் இல்லாதவர் மறைத்து வைத்திருந்தால் கதையே வேறு. அதிகாரிக்குத் தெரியக் கூடாது என்ற எண்ணத்தோடு செய்தது என்று தெரிந்தால் அதற்கென்றே ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

படி 3: சுடலாமா? இந்த நான்கில் எதில் வருகிறது என்று பாருங்கள்

சொத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நம்முடையது மட்டும் இல்லை, பக்கத்துத் தோட்டக்காரருடைய சொத்தையும் காக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 35 அதைத் தருகிறது. ஆனால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு அந்த உரிமை நீள்வது பிரிவு 41 சொல்லும் நான்கு சமயங்களில் மட்டும். ஒன்று, கொள்ளை: அடித்தோ, மறித்தோ, மிரட்டியோ பறிப்பது. இரண்டு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கன்னமிட்டு, பூட்டுடைத்து, சுவரேறி வீடு புகுவது. மூன்று, ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயோ வெடியோ வைப்பது. நான்கு, திருட்டோ சேதமோ வீடு புகுதலோ எதுவானாலும், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்படும்படி நடப்பது.

இதை நம் தோப்பில் வைத்துப் பார்ப்போம். பட்டப்பகலில் ஒருவன் தென்னையில் ஏறி இருபது காயைத் தள்ளுகிறான். இது திருட்டு, அவ்வளவுதான். இறங்கச் சொல்லலாம், பிடித்து வைக்கலாம், தேவையான அளவு பலம் காட்டலாம். துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை. அதே தோப்பில் ராத்திரி வந்து, பம்புசெட் அறையின் பூட்டை உடைத்து உள்ளே போய் மோட்டாரைக் கழற்றுகிறான். அந்த அறை பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம்; பூட்டுடைப்பு; சூரியன் மறைந்த நேரம். இது இரண்டாவது வகைக்குள் வருகிறது. அறைக்கு வெளியே, கிணற்று மேட்டில் திறந்தவெளியில் மோட்டார் இருந்திருந்தால்? அதே ராத்திரி, அதே மோட்டார், அதே திருடன். ஆனால் கட்டடமும் இல்லை, கன்னமும் இல்லை. வெறும் திருட்டு.

ஆட்டுக் கிடையும் இப்படித்தான். வயலில் வலை கட்டிப் போட்ட கிடை கட்டடம் ஆகாது. ஆனால் அவன் கையில் அரிவாளோடு கீதாரியை (கிடை போட்ட ஆட்டுக்காரரை) நோக்கித் திரும்பினால், கொள்ளையும் நான்காவது வகையும் ஒன்றாக வந்துவிடும். சொத்து அங்கே இரண்டாம் பட்சம். உயிரைக் காக்கும் உரிமையே முன்னால் வந்துவிடுகிறது, அதற்குப் பிரிவு 38 தனியாக இருக்கிறது.

இந்த நான்கிற்குள் வந்தாலும் பிரிவு 37 தலைக்கு மேல் நிற்கும்: போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு ஸ்டேஷனே போய்விட்டது, 112க்கு அடித்தும் யாரும் வரவில்லை என்றால் அது வேறு. கூப்பிடவே இல்லை என்றால் பதில் சொல்வது சிரமம்.

படி 4: ஓடுகிறவனைச் சுடாதீர்கள்

இரவில் கன்னமிட்டவன் உள்ளே இருக்கும் வரைக்கும்தான் அந்தப் பெரிய உரிமை. வெளியே வந்து வரப்பில் ஓடத் தொடங்கிவிட்டால், கையில் பொருள் இருந்தால் துரத்தலாம், மடக்கலாம், பொருளை மீட்கலாம். உயிரை எடுக்கும் உரிமை முடிந்துவிட்டது. "காலுக்குத்தான் சுட்டேன்" என்பார்கள். டபுள் பேரலில் இருந்து போகும் சில்லுகள் கால், இடுப்பு என்று பார்த்துப் போவதில்லை, தொடை ரத்தக்குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். உரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு தாண்டி ஒருவர் இறந்தால், அது கொலையிலிருந்து இறங்கிக் கொலையாகாத மரணக் குற்றமாக நிற்கும். அதற்கும் ஆயுள் வரை தண்டனை போகலாம்.

படி 5: பொறி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்

கம்பி தட்டினால் வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டி வைப்பது, வேலியில் கரண்ட் விடுவது, இரண்டும் ஒரே ரகம். பீகாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு 1963இல் முடிந்தது. ஒருவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள், தங்கள் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டதால், அவருடைய கழிப்பறைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் எச்சரித்துப் பார்த்தார், கேட்கவில்லை. போகிற வழியில் மின்சாரம் பாயும் வெறும் செம்புக் கம்பியைக் கட்டிவிட்டார். ஒரு பெண் தொட்டு இறந்தார். அத்துமீறி நுழைந்தவர்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சொத்துப் பாதுகாப்பு உரிமையும் அவருக்குக் கை கொடுக்கவில்லை, தண்டனை நின்றது. நம் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் ராத்திரி மின்வேலி போடுகிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

"ஆளுக்கு இல்லை, பன்றிக்கு" என்றாலும் தப்பிக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விலங்கைக் கொல்வதை மன்னிப்பது தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கும்போதுதான். கரும்பையும் கடலையையும் காக்க அந்த விலக்கு கிடையாது.

படி 6: சுட வேண்டியதாகிவிட்டால்

112க்கோ 100க்கோ முதலில் நீங்களே சொல்லுங்கள். 108க்கும் அடியுங்கள், விழுந்து கிடப்பவனைக் காப்பாற்ற முயன்றது பின்னால் உங்களுக்கே சாட்சி. உடைந்த பூட்டு, கடப்பாரை, தோட்டாக் கூடு எதையும் எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். துப்பாக்கியைப் போலீஸ் கைப்பற்றும், தடய அறிவியல் சோதனைக்குப் போகும், எஃப்.ஐ.ஆர். பதிவாகும். இதற்கெல்லாம் பதறி, கதையை மாற்றிச் சொல்லக் கூடாது. வக்கீல் வந்த பிறகு முழு வாக்குமூலம் கொடுங்கள்.

தற்காப்பு என்று நிறுவும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் அரசுத் தரப்பு மாதிரி ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆபத்தில் இருப்பவன் தன் அடியைத் தராசில் நிறுத்தி அடிக்க முடியாது என்பதையும் உச்ச நீதிமன்றம் பலமுறை ஏற்றிருக்கிறது. 2012இல் மதுரையில், மகளைக் காப்பாற்றக் கணவரை அடித்துக் கொன்ற பெண்ணைக் காவல்துறையே தற்காப்பு என்று ஏற்று விடுவித்தது. அது உடலைக் காக்கும் உரிமை. மோட்டாருக்கும் ஆட்டுக்கும் ஸ்டேஷனிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. அப்பா இறந்த பிறகு அவர் துப்பாக்கி பீரோவில் அப்படியே கிடந்தால், அவர் உரிமம் உங்களுக்குச் செல்லாது. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள்.