எக்ஸ்டர்னல் டிரைவில் கிளவுட் ஃபோல்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்க்டாப்பில் சி டிரைவ் 256 ஜிபிதான், கிளவுட்டில் இருப்பதோ 1 டிபி. எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றை வாங்கி, கிளவுட்டோடு தானாக ஒத்துப்போகும் சிங்க் ஃபோல்டரை அதற்கு மாற்றுவது நல்ல யோசனைதான். முறையாகச் செய்தால் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும். ஆனால் இதில் அனுபவப்பட்டவர்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே குழியில்தான் புதியவர்கள் இன்றைக்கும் விழுகிறார்கள். 'சிங்க் வேறு, பேக்கப் வேறு' என்பது போல எல்லோரும் சொல்வதை விட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்லாமல் விடுவதைப் பார்ப்போம்.

எக்ஸ்ஃபேட்டிலேயே விட்டுவிடுவது

கடையில் வாங்கும் டிரைவ்களில் பல எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் வருகின்றன. விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் என்பதால் யாரும் அதை மாற்றுவதில்லை. சிங்க் ஃபோல்டருக்கு அது ஒத்துவராது. முதல் காரணம், எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்ய அதனிடம் குறிப்பேடு எதுவும் இல்லை. இரண்டாவது, இடம் வீணாவது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் கிளஸ்டர் அளவு (ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச்சிறிய துண்டு) தானாகவே 128 கேபி ஆகிவிடும். 2 கேபி ஃபைலுக்கும் 128 கேபி போகும். அப்படி ஒரு லட்சம் சின்ன ஃபைல்கள் இருந்தால், 200 எம்பி சரக்குக்கு 12 ஜிபிக்கு மேல் இடம் போய்விடும்.

விண்டோஸில் ஒன்டிரைவ் என்டிஎஃப்எஸ் அல்லாத டிரைவை ஏற்கவே ஏற்காது. விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், மேக் என்றால் ஏபிஎஃப்எஸ். ஃபோல்டரை மாற்றுவதற்கு முன்பே ஃபார்மேட்டை முடித்துவிடுங்கள்.

எக்ஸ்ப்ளோரரில் கட்-பேஸ்ட் செய்து மாற்றுவது

சிங்க் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை இழுத்து வேறு டிரைவில் போட்டால், செயலியின் கண்ணுக்கு அது அழிப்பு. டிராப்பாக்ஸில் பிரிஃபரன்சஸ், சிங்க் பகுதியில் இடம் மாற்றும் பட்டனே இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒன்டிரைவில் அப்படி ஒரு பட்டன் இல்லை. செட்டிங்ஸ், அக்கவுன்ட் போய் 'அன்லிங்க் திஸ் பிசி' கொடுங்கள். பிறகு ஃபோல்டரை நகர்த்துங்கள். மறுபடி சைன் இன் செய்யும்போது 'சேஞ்ச் லொகேஷன்' அழுத்திப் புது இடத்தைக் காட்டினால், 'இங்கே ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது' என்று கேட்கும். 'யூஸ் திஸ் ஃபோல்டர்' என்று சொல்லுங்கள். இருக்கும் ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளும். 1 டிபியை மீண்டும் டவுன்லோட் செய்ய வேண்டியிருக்காது.

காலி ஃபோல்டரைக் காட்டி செயலியின் வாயை அடைப்பது

இதைப் பார்க்கும்போதுதான் இன்னும் எரிச்சல் வருகிறது. நஷ்டம் பெரியது, தவிர்க்கவோ ஐந்து நிமிடம் போதும்.

சிங்க் செயலி எப்படி யோசிக்கிறது என்று முதலில் பாருங்கள். கடைசியாக எந்தெந்த ஃபைலைப் பார்த்தோம் என்ற பட்டியலை அது சி டிரைவில் தன் டேட்டாபேஸில் வைத்திருக்கிறது. ஃபைல்களோ எக்ஸ்டர்னல் டிரைவில். தொடங்கும்போது பட்டியலையும் டிரைவையும் ஒப்பிடும். பட்டியலில் இருக்கிறது, டிரைவில் இல்லை என்றால் அதன் முடிவு ஒன்றுதான்: பயனர் அழித்துவிட்டார். அந்தச் செய்தியை சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை உங்கள் லேப்டாப்புக்கும் போனுக்கும் அனுப்பும்.

டிரைவே இல்லாதபோது இப்படி நடக்காமலிருக்க, செயலிகள் ஒரு காவல் வைத்திருக்கின்றன: மூல ஃபோல்டரைக் காணவில்லை என்றால் வேலையை நிறுத்தி எரர் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவ் திடீரென்று கழன்றால் இந்தக் காவல் சில சமயம் தாமதமாக விழிக்கும். முழு டிரைவும் போய்விட்டது என்று உணர்வதற்குள் சில ஃபைல்களை அழிக்கத் தொடங்கிவிட வாய்ப்பு உண்டு என்று டிராப்பாக்ஸே தன் உதவிப் பக்கத்தில் எச்சரிக்கிறது.

அது செயலியின் குறை. அதைவிட மோசமானது, காவலை நாமே அகற்றுவது. கணினிகளுக்குள் நேரடியாக சிங்க் செய்யும் சிங்க்திங் என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிங்க் ஃபோல்டருக்குள்ளும் முன்னால் புள்ளி வைத்த 'எஸ்டிஃபோல்டர்' என்ற சின்ன அடையாளத்தை அது வைத்திருக்கும். அந்த அடையாளம் இல்லையென்றால் 'ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்' என்று சொல்லி நின்றுவிடும். டிரைவ் ஏறவில்லை (கணினிக்கு அது இன்னும் தெரியவில்லை), தொடாதே என்பதுதான் அதன் பொருள். அவசரக்காரர் என்ன செய்கிறார்? அதே பாதையில் கையால் ஃபோல்டரையும் அடையாளத்தையும் உருவாக்குகிறார். எரர் மறைகிறது. செயலி உள்ளே பார்க்கிறது, ஒன்றும் இல்லை. எல்லாம் அழிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு மற்றக் கணினிகளுக்கும் சொல்லிவிடுகிறது. 'அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் போட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த எரர்தான் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

காலி ஃபோல்டர் வேறு வழிகளிலும் வந்து சேரும். நேற்றுவரை எக்ஸ்டர்னல் டிரைவ் 'இ'. இன்று கணினியைப் போடுவதற்கு முன் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டீர்கள், அது 'இ' ஆகிவிட்டது, உங்கள் டிரைவ் 'எஃப்'. பென் டிரைவிலும் அதே பெயரில் பழைய ஃபோல்டர் ஒன்று கிடந்தால் செயலி உங்கள் டிரைவுக்குப் பதில் அதைத்தான் பார்க்கும். இன்னொன்று, டிரைவ் சரியாகக் கழற்றப்படாமல் போய், மறுபடி செருகும்போது விண்டோஸ் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' கேட்பது. அந்தச் சரிபார்ப்பு, அநாதையாகிப்போன ஃபோல்டர்களை 'ஃபவுண்ட்.000' என்ற இடத்தில் வேறு பெயரில் போட்டுவைக்கும். ஃபைல்கள் டிரைவில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய இடத்தில் இல்லை. பின்னணியில் சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் அழிப்பாகவே போய்ச் சேரும். ஆகவே முதலில் செயலியை மூடுங்கள், பிறகு ஸ்கேன், பிறகு ஃபோல்டரைத் திறந்து கண்ணால் பாருங்கள், கடைசியில் செயலி.

தவிர்க்கும் வழி இது. ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். உங்கள் டிரைவை வலது கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' மூலம் 'எஸ்' போன்ற பின்வரிசை எழுத்து ஒன்றைக் கொடுங்கள். விண்டோஸ் எழுத்துகளை முன்னாலிருந்து கொடுப்பதால் பென் டிரைவ் அங்கே வந்து உட்காராது. அடுத்து, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் சிங்க் செயலியை முடக்குங்கள். டிரைவ் ஏறியதைப் பார்த்த பிறகு கையால் திறக்கலாம். அது தொல்லை என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆகி 2 நிமிடம் கழித்துத் தொடங்கும்படி வையுங்கள். டிரைவுக்கு பிட்லாக்கர் (விண்டோஸின் பூட்டு வசதி) போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பாஸ்வேர்ட் கொடுத்துத் திறக்கும்வரை செயலிக்கு டிரைவ் இல்லாததுபோலத்தான்.

இப்படி அழிப்பு நடந்துவிட்டால்? நெட் கேபிளைக் கழற்றுங்கள், அல்லது வைஃபையை அணையுங்கள். அணைந்து கிடக்கும் லேப்டாப்பை நெட்டோடு திறக்காதீர்கள். அதில் இருப்பது அழியாத பிரதியாக இருக்கலாம். பிறகு போனிலோ வேறு கணினியிலோ பிரவுசரில் நுழைந்து குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவிலும் 30 நாள் இருக்கும். அலுவலக ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். நிறைய ஃபைல்கள் ஒரே நேரத்தில் அழிந்தால் ஒன்டிரைவ் மின்னஞ்சல் அனுப்பும். அதைப் படிக்காமல் ஒதுக்காதீர்கள். சிங்க்திங்கில் இப்படி ஒரு சர்வரே இல்லை. ஃபைல் வெர்ஷனிங் என்ற வசதியை மற்றக் கணினிகளில் முன்கூட்டியே போட்டுவைத்திருந்தால்தான் பிழைப்பு.

பாஸ் கொடுத்துவிட்டுக் கழற்றுவது

ஒன்டிரைவில் பாஸ், அதாவது சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்துவது, 2, 8, 24 மணி நேரக் கணக்கு. நேரம் முடிந்தால் தானே எழுந்துவிடும். கழற்றும் முன் 'குவிட்' கொடுங்கள், பிறகு இஜெக்ட்.

2018 அக்டோபர் விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து எக்ஸ்டர்னல் டிரைவ்களுக்கு 'குவிக் ரிமூவல்'தான் இயல்புநிலை என்பதால் இஜெக்ட் தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். எதுவும் எழுதப்படாத நேரத்தில் அது சரி. சிங்க் செயலி எந்த நொடியில் எழுதும் என்று உங்களுக்குத் தெரியாது.

மின்சாரத்தைக் கவனிக்காதது

யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் ஹார்ட் டிஸ்க்கையும் இன்னும் இரண்டு பொருளையும் சேர்த்துச் செருகினால், பெரிய அளவில் எழுதும்போது டிரைவ் ஒரு நொடி விழுந்து எழும். மேலே சொன்ன விபத்துக்கு அந்த ஒரு நொடி போதும். டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்து, 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள்.

டிரைவ் விழுகிறதா என்று சந்தேகமா? ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 157 என்ற எண்ணைத் தேடுங்கள். 'சர்ப்ரைஸ் ரிமூவ்டு' என்று இருக்கும். நீங்கள் கையே வைக்காத நேரத்தில் அது பதிவாகியிருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

மேகக் குறியைப் பார்த்தும் எல்லாம் டிரைவில் இருப்பதாக நம்புவது

ஒன்டிரைவில் ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் என்றால் ஃபைல் அங்கே இல்லை, பெயர் மட்டுமே. டிரைவை எடுத்துப்போய் வேறு கணினியில் செருகினால் திறக்காது. ஃபோல்டரை வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். பச்சை நிரம்பிய வட்டத்தில் வெள்ளை டிக் வரும்வரை காத்திருங்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையும் சேர்த்துவிடுவது

வேண்டாம். டிரைவ் ஏறாத நாளில் லாகின் செய்தால் டெஸ்க்டாப்பே இருக்காது.

ஒரே டிரைவை இரண்டு கணினிகளில் மாற்றி மாற்றிச் செருகி சிங்க் செய்வது

இரண்டு கணினி, இரண்டு டேட்டாபேஸ். ஒன்று செய்த மாற்றம் மற்றதன் பட்டியலில் இருக்காது. 'கான்ஃப்ளிக்டட் காப்பி'கள் குவியும். ஒரு டிரைவுக்கு ஒரு கணினி.

ஐகிளவுட் டிரைவை சிம்லிங்க் போட்டு நகர்த்துவது

சிம்லிங்க் என்பது, வேறிடத்தில் இருக்கும் ஃபோல்டரை இங்கே இருப்பதுபோலக் காட்டும் குறுக்குவழி. ஐகிளவுட் டிரைவ் ஃபோல்டரை இடம் மாற்ற மேக்கில் அமைப்பே கிடையாது, அதனால் இதைச் செய்ய வேண்டாம். போட்டோஸ் லைப்ரரியை மட்டும் ஏபிஎஃப்எஸ் டிரைவுக்கு முறையாக மாற்றலாம். போட்டோஸ் செயலியை மூடி, லைப்ரரியை டிரைவுக்கு நகர்த்தி, அங்கிருந்தே இருமுறை கிளிக் செய்து திறங்கள். பிறகு செட்டிங்ஸில் 'யூஸ் ஆஸ் சிஸ்டம் போட்டோ லைப்ரரி' கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் அந்த லைப்ரரி ஐகிளவுட்டோடு சிங்க் ஆகாது.