நூலகரைப் படத்தில் காட்டும்போது விடுகிற தவறுகள்

கொழும்பில் குறும்படம் எடுக்கிற நம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் கதையில் ஒரு நூலகம் வந்தால் போதும், அதே அம்மா வந்து உட்கார்ந்துவிடுகிறார்: கொண்டை, மூக்குக்கண்ணாடி, உதட்டில் விரல், "உஷ்!" முதலில் இவரை விடுங்கள். இவர் நம் ஊர் ஆளே இல்லை. 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கப் படத்தில், நாயகன் பிறக்காமலே போயிருந்தால் அவன் மனைவி என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு காட்சி வரும். கல்யாணம் ஆகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகத்தைப் பூட்டிவிட்டு வருகிறாள். நூலகராவது ஒரு பெண்ணுக்கு வந்த கெட்ட காலம் என்பதுபோல! இதை இன்றைக்கும் பிரதி எடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம், நூலகர் என்றால் திகதி முத்திரை குத்துகிறவர் என்ற நினைப்பு. ஒரு பிள்ளை வந்து "மிஸ், தண்ணி பற்றி ஒரு புத்தகம்" என்று கேட்கிறது என்று வையுங்கள். நல்ல நூலகர் உடனே இறாக்கைப் பக்கம் போகமாட்டார். எந்த வகுப்பு, மழையா, குடிநீரா, குளமா, ஒப்படைக்கா என்று நாலு கேள்வி கேட்பார், கடைசியில் பார்த்தால் பிள்ளைக்கு வேண்டியது பராக்கிரமபாகு மன்னன் கட்டிய குளங்கள். அந்த நாலு கேள்விதான் அவருடைய தொழில். வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்துப் பாருங்கள், அவர் யார் என்று வேறு வசனமே தேவைப்படாது.

இறாக்கையையும் கவனியுங்கள். புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்காதீர்கள். பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்க நூலகங்கள் பயன்படுத்துகிற டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, சமையல் 641.5, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரவே வராது. முதுகில் எண் ஒட்டுங்கள், சின்ன வேலைதான்.

சத்தமே இல்லாத நூலகமும் பொய். 1925இல் தொடங்கி, விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற கொழும்புப் பொது நூலகத்திலோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ ஒரு மணிநேரம் சும்மா இருந்து கேளுங்கள், பத்திரிகை புரட்டுவது, கதிரை இழுபடுவது, யாரோ இருமுவது எல்லாம் காதில் விழும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 1981 மே 31 இரவு தீ வைக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை, அங்கே அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும், சோக இசைக்குக் கீழே ஓடுகிற வெறும் நெருப்பாக ஆக்கிவிடாதீர்கள். நெருப்புக்கு முன்னால் அங்கே ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதைக் காட்டுங்கள். எந்த மேசை, என்ன புத்தகம் என்று தெரியட்டும். இரவல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகட்டும், திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி ஜூனில் விழட்டும்.