குடும்பக் கிறிஸ்துமஸ் நகைச்சுவை: திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைக்கதைப் பயிற்சிக்கு வருபவர்களுள் சிலராவது ஒவ்வோர் ஆண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கும் கிறிஸ்துமஸ் களேபரத்தை எழுதிக் கொண்டுவருகிறார்கள். நீளமான உரையாடல், தேவையற்ற காட்சிக் குறிப்பு போன்ற பிழைகளை அடுத்த படியிலேயே அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காரணமில்லாத விபத்துகள்

அண்மையில் வாசித்த ஒரு பிரதியில் கேக் கருகுகிறது, பாட்டி வழுக்கி விழுகிறார், நாய் மரத்தைச் சாய்க்கிறது, மின்சாரம் போகிறது. கேக் காட்சியையும் நாய்க் காட்சியையும் இடம் மாற்றி வாசிக்கும்படி எழுதியவரிடம் சொன்னேன். வாசித்து முடித்தபோது ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டிய தேவை எழவில்லை. எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்காத விபத்துகளை எத்தனை அடுக்கினாலும், நான்காவது விபத்தில் பார்வையாளர் சிரிப்பதை நிறுத்திவிடுவார்.

1989-இல் வெளிவந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்துமஸ் வெகேஷன்' படத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். குடும்பத் தலைவர் கிளார்க் கிரிஸ்வோல்டுக்கு வேண்டியது குறையே இல்லாத ஒரு குடும்பக் கிறிஸ்துமஸ். அந்தப் பிடிவாதம்தான் வீட்டுக்குள் அடங்காத மரத்தையும், கூரை முழுக்க 25,000 விளக்குகளையும் கொண்டுவருகிறது. அவர் பாடுபட்டுப் பொருத்திய விளக்குகள் எரிய மறுப்பதும், அவருடைய மனைவி உள்ளே ஒரு சுவிட்சைப் போட்டதும் எரிவதும் நகைச்சுவையாவதற்குக் காரணம், அந்த வெளிச்சத்தின் மீது அவர் தம் மானத்தையே வைத்திருப்பதுதான். வரவிருக்கும் போனஸை நம்பி நீச்சல் குளத்துக்கு அவர் முன்பணம் கொடுத்துவிட்டார்; போனஸுக்குப் பதிலாக மாதந்தோறும் ஜெல்லி அனுப்பும் சங்கத்தின் உறுப்பினர் சீட்டு வருகிறது; ஆத்திரத்தில் அவர் கொட்டிய வார்த்தைகளை அப்படியே எடுத்துக்கொண்ட உறவினர் எடி, முதலாளியையே தூக்கிவந்துவிடுகிறார்; அதனால்தான் காவல்துறை வீட்டை முற்றுகையிடுகிறது. இந்த வரிசையில் ஒன்றை உருவிவிட்டால் அடுத்தது நிற்காது.

தற்செயலுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் படத்தை எழுதிய ஜான் ஹியூஸே எழுதிய 'ஹோம் அலோன்' (1990) படத்தில் காற்றில் மின்கம்பி அறுந்து அலாரம் அடிக்காமல் போவது தற்செயல்தான். ஆனால் குடும்பம் விமானப் பயணம் கிளம்பும்போது வீட்டிலேயே மறக்கப்படும் சிறுவன் கெவின் மாடியறைக்கு அனுப்பப்படுவதற்கும், அவனுடைய விமானச் சீட்டு குப்பைக்குப் போவதற்கும் முந்தைய இரவு பீட்சாவுக்காக நடந்த சண்டையே காரணம். காலையில் பக்கத்து வீட்டுச் சிறுவனையும் சேர்த்துத் தலை எண்ணுவது தாமதமாக எழுந்த அவசரத்தின் விளைவு. தற்செயல் சிக்கலைத் தொடங்கிவைக்கலாம், கூட்டலாம். சிக்கலைத் தீர்த்துவைக்கும் உரிமையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஒரே குரலில் பேசும் உறவினர்கள்

பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால், இருவரை ஒருவராக்குங்கள். பன்னிரண்டு பேர் அமர்ந்திருக்கும் விருந்து மேசையைப் படமாக்குவதற்கு ஆகும் நேரத்தைப் படப்பிடிப்பில் நின்று பார்த்தவர்கள் இதற்குத் தயங்கமாட்டார்கள்.

பனி

கதையில் யாரையாவது தடுக்காத பனி தேவையில்லை.

எல்லோரும் கட்டித் தழுவும் முடிவு

சண்டைக்கான காரணம் தீராமல் தழுவ வைக்காதீர்கள். கிரிஸ்வோல்டின் வீட்டில்கூட, முதலாளி போனஸைத் திருப்பித் தர ஒப்புக்கொண்ட பிறகே அமைதி திரும்புகிறது.