கடலோர வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கூரையைத் தட்டிப் பாருங்கள்

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் பழைய வீடு பார்க்கப் போனால் சின்னச் சுத்தியல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடலைப் பார்த்த சன்ஷேடு, பால்கனி, குளியலறைக் கூரை இவற்றின் அடிப்பக்கத்தை அரை அடிக்கு ஒரு தட்டாக மெல்லத் தட்டுங்கள். நேர் கீழே நிற்காதீர்கள், பெயர்ந்து விழலாம். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொப்' என்று கேட்டால் உள்ளே காங்கிரீட்டோ பூச்சோ பிரிந்திருக்கிறது.

கடல் காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் கீழ்க் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். வெளியே விரிசல் தெரியும் முன்பே சத்தம் மாறிவிடும். உப்புத் தண்ணீரில் குழைத்துக் கட்டிய வீடு இன்னும் மோசம், கடல் காற்றுப் படாத உள்ளறைக் கூரையும் தப்பாது.

பூச்சு மட்டும் பிடிப்பு விட்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். ஓரிடத்தில் உரித்துக் கம்பியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

புது வீட்டுக்கு இது உதவாது, துரு ஏற ஆண்டுகள் ஆகும். எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்று கேட்டு, அந்தத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு உப்புக்கு மேல் ஆகாது.