ஈஸ்டருக்குக் காரில் தாத்தா பாட்டி வீட்டுக்கு: வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஒரு ஈஸ்டருக்கு என் பெற்றோர் வீட்டு வாசலில் நாங்கள் காரை நிறுத்தியபோது இரவு பதினொன்றரை. மாலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவோம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அம்மா ஆறு மணியிலிருந்து வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா படுக்கும் நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியும் விழித்திருந்தார். சின்னவள் வாந்தி எடுத்த உடுப்போடு தூங்கிப் போயிருந்தாள். பெரியவன் பாட்டியைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான் என்று நினைத்திருந்தோம். எழுப்பிய எரிச்சலில் அழுதான். மறுநாள் பெரிய வெள்ளி. பாதி நாள் தூக்கத்திலேயே போனது. ஊருக்குத் திரும்பும்போது, “இன்னும் ஒரு நாள் சேர்த்து இருந்திருக்கலாமே” என்றார் அம்மா. அந்த ஒரு நாளை நாங்கள் சாலையில் தொலைத்துவிட்டு வந்திருந்தோம்.

அந்தப் பயணத்தில் விபத்து இல்லை, கார் பழுதாகவும் இல்லை. திட்டம் போட்ட விதம்தான் தவறு. எப்போது கிளம்பலாம், எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று மட்டுமே கணக்குப் போட்டோம். அதற்குப் பிறகு நான் தாத்தா பாட்டியின் வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறேன். அந்த வாசலில் இறங்கும்போது பிள்ளைகளுக்குச் சிரிக்கத் தெம்பு இருக்க வேண்டும், ஓட்டி வந்தவருக்கு உட்கார்ந்து பேசத் தெம்பு இருக்க வேண்டும். கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இதை மறப்பதால் வருபவைதான்.

போன வருட நினைப்பில் தேதியை வைத்துக்கொள்வது

கிறிஸ்துமஸ் போல ஈஸ்டர் ஒரே தேதியில் நிற்பதில்லை. மார்ச் 21க்கோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் அது எங்கும் விழலாம். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. தாத்தா பாட்டி ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள் என்றால் அவர்களுடைய ஈஸ்டர் சில வருடங்களில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். 2024இல் அது மே 5. 2025இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. லீவு எழுதிக் கொடுக்கும் முன்பே அவர்களிடம் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2024இல் அந்த ஞாயிறும் ஈஸ்டரும் ஒன்றாகவே வந்தன. அப்படி வரும் வருடத்தில் காலை ஆராதனைக்கு எல்லோரும் ஒரு மணி நேரத் தூக்கத்தை இழந்துதான் எழுந்திருப்பார்கள். அன்று மாலையே நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம்.

வேலை முடிந்த கையோடு கிளம்புவது

பெரிய வியாழன் மாலை அலுவலகத்திலிருந்து வந்து, பெட்டியை ஏற்றி, ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம் என்று தோன்றும். இந்தத் தவறைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் போவது உயிர்.

காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தால் அவர் 17 மணி நேரமாக விழித்திருக்கிறார். இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்கு எவ்வளவு கவனம் குறையுமோ கிட்டத்தட்ட அவ்வளவு குறைவு அவருக்கும் இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் சட்டப்படி ஓட்டக்கூடாத அளவு அது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண் செருகினால் 110 மீட்டர் தூரம் அதை ஓட்ட ஆளில்லை. அந்த நான்கு நொடி, கண் செருகியவருக்கே தெரியாமல் போய்விடும் என்பதுதான் பயங்கரம்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடைசியாகப் பார்த்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லாமல் போனாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கச் சுமார் அரை மணி ஆகும். அதற்குள் அந்தக் குட்டித் தூக்கமும் முடிந்திருக்கும். அதுவும் தற்காலிக உதவிதான். இன்னொருவர் ஓட்ட முடிந்தால் அவரிடம் கொடுங்கள். முடியாவிட்டால் இரவு எங்காவது தங்கிவிடுங்கள்.

நன்றாகத் தூங்கி எழுந்து வெள்ளிக்கிழமை விடிகாலையில் கிளம்புவதே என் முடிவு. சில மணி நேரம் தாமதமாகத்தான் சேருவோம். ஆனால் சேர்ந்த பிறகு விழித்திருப்போம்.

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பிப் பாட்டியிடம் மணி சொல்வது

கைபேசி வரைபடம் ஆறு மணி நேரம் என்றால், அது நிற்காமல் ஓடும் காருக்கான கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, பிள்ளைகளைக் கொஞ்சம் ஓடவிட்டு, கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் திரும்ப ஏற்றினால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரை மணி வைத்துக்கொள்ள வேண்டும். பண்டிகை நெரிசலையும் சேர்த்தால் அந்த ஆறு எட்டாகிவிடும்.

அந்த இழப்பை வேகத்தில் ஈடுகட்டலாம் என்று தோன்றும்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிலோமீட்டர் தூரத்தை 100இல் போனால் 4 மணி நேரம், 110இல் போனால் 3 மணி 38 நிமிடம். கிடைப்பது 22 நிமிடம். ஒரே ஒரு முறை நிறுத்தினால் அது போய்விடும்.

பாட்டியிடம் ஆறு மணி என்று சொன்னால் அவர் ஐந்தரைக்கே வாசலுக்கு வந்துவிடுவார். ஆறரைக்குப் பதற்றம் தொடங்கும். ஏழு மணிக்குப் போன் வரும், அதுவும் ஓட்டுபவருக்கு. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, “எங்கே வந்துட்டிருக்கீங்க?” அந்த வயதில் காத்திருப்பது என்பது உடம்பையும் வாட்டும், சாப்பாடும் மாத்திரையும் தள்ளிப்போகும். அதனால் நான் இப்போது ஒன்றரை மணி நேரம் கூட்டித்தான் சொல்கிறேன். “எங்களுக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டாத ஒருவர் கூப்பிட்டுப் பேசுகிறார். சொன்ன நேரத்துக்கு முன்பே கார் வந்து நிற்கும்போது பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

வாந்தி வந்த பிறகு பையைத் தேடுவது

இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம். உடம்பு நகர்கிறது என்று உள்காது சொல்கிறது. மடியில் இருக்கும் திரையையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரள்கிறது. அமைதியாக இருக்கட்டும் என்று கிளம்பியதுமே டேப்லெட்டைக் கையில் கொடுப்பது பல பிள்ளைகளுக்குக் குமட்டலைக் கொடுப்பதற்குச் சமம். அதற்குப் பதில் கதை கேட்கவிடுங்கள், வெளியே தூரத்தில் தெரிவதைப் பார்த்து விளையாடும் விளையாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

பேச்சு நின்று, முகம் வெளிறி, எச்சில் விழுங்க ஆரம்பித்தால் அடுத்த நல்ல இடத்தில் நிறுத்துங்கள். பையும் துணியும் ஒரு மாற்று உடுப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிக்கு அடியில் வேண்டாம். குமட்டல் மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

“பக்கத்தில்தானே” என்று குழந்தை இருக்கையை விட்டுவிடுவது

நெடுஞ்சாலையில் ஒழுங்காகக் குழந்தை இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருப்போம். ஈஸ்டர் காலையில் தேவாலயத்துக்குத் தாத்தா காரில் போகலாம் என்பார்கள். இருக்கையைக் கழற்றி மாட்டச் சோம்பல். பேத்தி பாட்டி மடியில். நானும் இதைச் செய்திருக்கிறேன், நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ குழந்தை சில நூறு கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். எந்த அன்பான கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தாத்தாவின் கார் என்றால், அந்த இருக்கை அதில் பொருந்துமா என்று முதல் நாளே மாட்டிப் பாருங்கள். பின்னோக்கி உட்காரும் கைக்குழந்தை இருக்கையை, ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டு அதன்மேல் பட்டையை இறுக்குவதும் தவறே. மோதும்போது ஜாக்கெட் நசுங்கி, பட்டை தளர்ந்துவிடும். பட்டையை உடம்போடு மாட்டிவிட்டு ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள். கைக்குழந்தையை அந்த இருக்கையில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் தூக்கி நீட்டிப் படுக்க வையுங்கள்.

வண்டி சம்பந்தமாக மூன்றே விஷயம். டயர் காற்றை டயர் சூடாகும் முன் பாருங்கள். பெட்டிகளும் ஆட்களும் நிறைந்த காருக்கு எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். பின்சீட்டுக்கு மேலுள்ள தட்டில் எதையும் வைக்காதீர்கள், பிரேக் அடித்தால் அது தலையில்தான் வந்து விழும். தூங்குகிற பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு “ஒரு நிமிஷம்” என்று இறங்காதீர்கள். வெளியே 22 டிகிரிதான் என்றாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது.

போய்ச் சேர்ந்த பிறகு

தாத்தா பாட்டி வீட்டில் சின்னப் பிள்ளைகள் வருடத்தில் சில நாள்தான் இருக்கிறார்கள். அதனால் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மேசையிலும் தலையணைப் பக்கத்திலும் கைப்பையிலும் கிடக்கும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி பலவற்றைக் குழந்தை விரலாலும் திறக்கலாம். உள்ளே நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, அம்மாவிடம் சொல்லிவிட்டு அவற்றை உயரத்தில் எடுத்து வைப்பதுதான். குறை சொல்வதுபோல் கேட்காமல், “இவள் எதை எடுத்தாலும் வாயில் போடுகிறாள்” என்று சொன்னால் அவர்களே எழுந்து உதவுவார்கள்.

திரும்பும் நாளில் மாலைவரை இருந்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கு நேரமாகிறதே என்று இரவில் ஓட்டுவது, போகும்போது செய்த தவறை இன்னொரு முறை செய்வது. காலையில் கிளம்புங்கள். முடிந்தால் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்து சேர்ந்ததும், பெட்டியை இறக்கும் முன், போன் செய்யுங்கள். மணி எதுவானாலும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார்கள்.