சராசரி இருப்பு என்னும் பொறி: சேமிப்புக் கணக்கில் அபராதம் கட்டாமல் இருப்பது எப்படி?

சென்னையில் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு வந்த பிறகு, பழைய சம்பளக் கணக்கை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் எடுத்தால், கடைசி நான்கு மாதமும் 354 ரூபாய் போயிருந்தது. அபராதம் 300, அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 54. ஆக மொத்தம் 1,416 ரூபாய். சம்பளம் வருவது நின்று சில மாதங்கள் ஆனால், என் வங்கியில் மூன்று மாதம், சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். குறைந்தபட்ச இருப்பு விதியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாது.

படி 1: ஆறு மாத ஸ்டேட்மென்ட்

செயலியிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளை நம்பாதீர்கள், சிறு பிடித்தங்களுக்குப் பல நேரம் செய்தியே வருவதில்லை. செலவுக் கணக்குச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. நாற்பது பக்க நோட்டும் சிவப்புப் பேனாவும் போதும். ‘எம்ஏபி’, ‘ஏஎம்பி’, ‘ஏக்யூபி’ போன்ற, சராசரி இருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கங்கள் உள்ள வரிகளையெல்லாம் சுழித்துவிடுங்கள். அவை பெரும்பாலும் இருப்பு அபராதங்கள்.

மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருந்தால் கிளைக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன், குரலையும் உயர்த்தினேன். அவை பிரதமர் பெயரிலான விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு என்ற இரண்டு அரசுத் திட்டங்களுக்கும் நாமே எப்போதோ கையெழுத்துப் போட்ட ஆண்டு பிரீமியம். ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் காப்பீடு. நான் இரண்டையும் நிறுத்தவில்லை. அந்தக் காசாளர் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

படி 2: சராசரியைப் புரிந்துகொள்ளுதல்

நான் இடறி விழுந்தது இங்கேதான். ‘குறைந்தபட்ச இருப்பு 10,000’ என்றால், மாதக் கடைசியில் பத்தாயிரம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். 21ஆம் தேதி காலையில் 8,000 அனுப்பி, இரண்டாயிரமாக இருந்த இருப்பைப் பத்தாயிரம் ஆக்கினேன். அந்த மாதத்துக்கும் அபராதம் வந்தது.

வங்கி கூட்டிப் பார்ப்பது ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பை. அதை மாதத்தின் நாள்களால் வகுக்கும். 20 நாள் 2,000 என்றால் 40,000; அடுத்த 10 நாள் 10,000 என்றால் ஒரு லட்சம். கூட்டினால் 1,40,000. அதை 30ஆல் வகுத்தால் சராசரி 4,667தான். தேவையான கூட்டுத்தொகையோ மூன்று லட்சம். அன்று நான் வைத்திருக்க வேண்டியது பத்தாயிரம் அல்ல, 26,000!

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். முதிர்ந்த வைப்புத்தொகை ஒரு லட்சம் கையில் இருந்தால், மூன்று இரவு அந்தக் கணக்கில் தூங்கவிட்டு எடுத்துவிடுங்கள். 30 நாள் மாதத்தின் வேலை முடிந்தது. காலையில் போட்டு மாலையில் எடுத்தால் பயனில்லை, நாள் முடிவு இருப்புதான் கணக்கு.

மாதாமாதம் இந்தப் பெருக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு என் யோசனை: கணக்கையே மாற்றுங்கள். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. கனரா, இந்தியன் வங்கி போன்றவை 2025இல் நீக்கின. எந்த வங்கியிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு கேட்கலாம், அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ஆனால் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது.

படி 3: ஏடிஎம்

சொந்த வங்கி இயந்திரத்தில் மாதம் ஐந்து முறை இலவசம். பிற வங்கி இயந்திரத்தில் சென்னை போன்ற பெருநகரங்களில் மூன்று, எங்கள் ஊரில் ஐந்து. அதற்குமேல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரையும் வரியும் போகும். பிற வங்கி இயந்திரத்தில் இருப்பு எவ்வளவு என்று வெறுமனே எட்டிப் பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும். அதைச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தவணைகள்

இஎம்ஐ எனும் கடன் தவணை, எஸ்ஐபி எனும் மியூச்சுவல் ஃபண்ட் மாத முதலீடு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டிவையுங்கள். தவணைத் தேதிக்கு முந்தைய இரவே பணம் அங்கே இருக்க வேண்டும். விடிந்த பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்பது ஆபத்து. கணக்கில் பணமில்லாமல் கடன் தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், கடன் கொடுத்த நிறுவனம் தனியாக இன்னொன்று எடுக்கும்.

படி 5: திருப்பிக் கேட்டல்

இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைவான தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. எனக்கு வந்த அறிவிப்பெல்லாம் நான் எப்போதோ கைவிட்ட சிம்முக்குப் போயிருந்தது. பாதித் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டே கடிதம் எழுதினேன். மேலாளர் இரண்டு மாத அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், தன் வங்கியில் மாதச் சராசரி இல்லை, காலாண்டுச் சராசரி என்று எழுதியிருந்தார். கணக்கு அதேதான், 30க்குப் பதில் அந்தக் காலாண்டின் மொத்த நாள்களால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு இருப்பு பூஜ்யம். அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அவர் வங்கி பாக்கியைக் குறித்து வைத்திருந்தது. 500 ரூபாய் போட்டவுடன் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அதனால், மூட நினைக்கும் கணக்கில் பணம் போடும் முன் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மூடும்போது, மீதி செக் தாள்களைக் கொடுத்துவிட்டு, கணக்கு முடிக்கப்பட்டதற்கான கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.