ஆசிரியருக்கு விடைகொடுக்கும்போது நேரும் பிழைகள்

எங்கள் தமிழாசிரியர் காலமான மறுநாள் காலை, சிங்கப்பூரில் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பதாகையைக் கட்டிய பிறகுதான் கவனித்தோம். ‘தமிழ்த்தொண்டு’ என்ற சொல்லில் ஒற்று விட்டுப்போயிருந்தது. போதாக்குறைக்கு, ‘தொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ‘த’ எழுத்தை விட்டு விலகித் தனித்தனியாக நின்றன. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளின் கட்டுரைகளில் சந்திப்பிழை திருத்தியவரின் படத்துக்கு மேலே அது தொங்கியது. உடனே கழற்றினோம். படம் மட்டும் இருந்தால் போதும் என்று அவர் மனைவி சொன்னார். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

பிறகு வேறு இரண்டு ஆசிரியர்களின் நினைவுக் கூட்டங்களுக்கும் உதவியிருக்கிறேன். அன்பு குறைந்து யாரும் தவறு செய்வதில்லை. அவசரத்திலும், எல்லாரும் செய்கிறார்களே என்ற பழக்கத்திலும்தான் செய்கிறோம்.

பதாகையிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே பல அச்சகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார். நாம் அனுப்பும் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறிவிடும். எனவே வாசகத்தைத் தட்டச்சாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்புங்கள். அச்சிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கி, தமிழ் நன்கறிந்த இருவர் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயரை அவர் எப்படி எழுதினாரோ அப்படியே எழுதுங்கள். முன்னெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா, தந்தை பெயரா கணவர் பெயரா என்பதையெல்லாம் பழைய மதிப்பெண் அட்டையில் உள்ள கையொப்பமே சொல்லிவிடும்.

செய்தி பரப்புவதில் நேரும் பிழை இன்னும் பெரியது. வாட்ஸ்அப் வந்த பிறகு, குடும்பம் உறவினர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பழைய மாணவர்கள் உலகத்துக்கே சொல்லிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் தகப்பனாரின் மரணத்தை ஒரு குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. குடும்பத்தில் ஒருவரைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களையே அனுப்புங்கள். நல்லுடல் வீட்டிலிருந்து புறப்படும் நேரம் ஒன்று, மண்டாய் தகனச்சாலையில் ஒதுக்கப்பட்ட நேரம் இன்னொன்று. இரண்டையும் குழப்பி அனுப்பிவிட்டால், வேலைக்கு விடுப்பு எடுத்து ஓடிவரும் மாணவர் காலி நாற்காலிகளைத்தான் பார்ப்பார். நல்லுடலைப் படமெடுத்து அனுப்புவதை அறவே விட்டுவிடுங்கள்.

முஸ்லிம் ஆசிரியர் என்றால் பெரும்பாலும் அன்றே நல்லடக்கம் முடிந்துவிடும். ‘நாளை மாலை போய்ப் பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். தமிழாசிரியர் என்றாலே இந்து என்று எடுத்துக்கொண்டு குத்துவிளக்குக்கும் மாலைக்கும் ஏற்பாடு செய்வதும் நடக்கிறது. இந்த ஊரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியே முஸ்லிம் கவிஞரான உமறுப் புலவரின் பெயரைத் தாங்கியிருந்தது, அப்படியிருந்தும் மறந்துபோகிறோம். 1932இல் தொடங்கிய, பெரியாரின் சுயமரியாதைக் கொள்கையைப் பின்பற்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வழியில் வளர்ந்த பழைய தமிழாசிரியர்களில், சடங்கே வேண்டாம் என்று சொல்லிவைத்தவர்களும் உண்டு. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதுமுன் வீட்டாரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

உரைகளுக்கு வருவோம். ‘தமிழன்னையின் தவப்புதல்வர்’, ‘அறிவுக் களஞ்சியம்’, ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’. பெயரை மாற்றிவிட்டால் எந்த ஆசிரியருக்கும் இவை பொருந்தும். இப்படி ஏழெட்டுப் பேர் பேசி முடித்தபின், இறந்தவர் யார் என்பதே மறைந்துவிடுகிறது. ஒரு கூட்டத்தில் இப்படியே ஒரு மணி நேரம் போனது. பிறகு ஒரு பெண் எழுந்தார். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் குடும்பத்திலிருந்து வந்தவர். வாய்மொழித் தேர்வுக்கு முந்திய வாரங்களில், பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடப்பாராம். வருகிற பஸ்களின் எண்களைத் தமிழில் சொல்லச் சொல்வாராம். 147 வந்தால் மட்டும் ‘நூற்று நாற்பத்தேழு’ என்று ழகரம் திருந்தும்வரை விடமாட்டாராம்; அந்த பஸ் போய் அடுத்த பஸ் வந்தாலும் சரி. அவர் பேசி முடித்தபோது ஆசிரியர் அந்த அறைக்குள் வந்து நின்றது போலிருந்தது. கண்ணீர் விட்டது முதல் வரிசை மட்டும் அல்ல.

பேசப் போகிறவரிடம் நான் சொல்வது இதுதான். மூன்று நிமிடம். ஒரே ஒரு நிகழ்ச்சி. எந்த இடம், எந்த வகுப்பு, ஆசிரியர் வாயிலிருந்து வந்த சொல் எது? ‘அவரால்தான் நான் இன்று இந்தப் பதவியில் இருக்கிறேன்’ என்று தொடங்கினால் பேச்சு பதவியைப் பற்றியதாகிவிடுகிறது. மருத்துவரையும் வழக்கறிஞரையும் மட்டும் மேடையேற்றுவதும் அதே பிழைதான். தமிழில் தேர்ச்சி பெறாதவர், பள்ளியைப் பாதியில் விட்டவர், மற்றவர்கள் கைவிட்டபோது அவர் கைவிடாதவர் என்று யாரையாவது தேடிப்பிடித்துப் பேசச்சொல்லுங்கள். ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இருந்த சீன, மலாய் ஆசிரியர்களையும் அழையுங்கள். நாம் பார்க்காத ஒருவரை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அழைக்கும்போது ஒரே பள்ளியோடு நின்றுவிடாதீர்கள். இங்கே தமிழாசிரியரின் மாணவர்கள் சிதறிக் கிடப்பவர்கள். தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாததால் பின்னேரத்திலோ சனிக்கிழமையிலோ தமிழ் நிலையத்துக்கு வந்து படித்தவர்களுக்கு, நிலையத்து ஆசிரியர்தான் தமிழுக்கே முகம். சில பள்ளிகள் இணைக்கப்பட்டுப் பெயரே மறைந்துவிட்டன. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அந்தத் தலைமுறைப் பழைய மாணவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களில் பலர் கைப்பேசிக் குழுக்களில் இருக்கமாட்டார்கள். தமிழ் முரசு நாளிதழில் ஒரு அறிவிப்பும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் அவர்களைச் சென்றடையும்.

துயரம் சூடாக இருக்கும்போது அறக்கட்டளை, நினைவுப் பரிசு என்று அறிவித்துவிடாதீர்கள். குடும்பம் சம்மதிக்குமுன் பணம் திரட்டுவது தவறு. இரண்டு ஆண்டு கொடுத்து நின்றுபோகும் பரிசு அவர் பெயருக்கு இன்னொரு மரணம். கொஞ்சம் ஆறிய பிறகு, யார் கணக்கு வைப்பது, எத்தனை ஆண்டு கொடுக்க முடியும் என்று உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள்.

பணத்தைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. வீட்டைக் காலிசெய்யும் வேகத்தில் அவருடைய கையெழுத்துப் பயிற்சித்தாள்கள், நாடகப் பிரதிகள், முகாம் படங்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். அவற்றைப் பத்திரப்படுத்தட்டுமா என்று முதல் வாரத்திலேயே பணிவாகக் கேளுங்கள். படங்களின் பின்னால் ஆண்டையும் பெயர்களையும் பென்சிலால் எழுதுங்கள். அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் குரல்களைப் பதிவுசெய்துவருகிறது. உங்கள் ஆசிரியரின் பேட்டி அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டில் தொலைபேசி அடங்கிவிடும். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம் வரும். முந்திய ஆண்டுகளில் காலை முதல் வாழ்த்து அழைப்புகள் வந்துகொண்டிருந்த வீடு அது. அன்று நான்கைந்து பேராகப் போங்கள். முதல்நாளே சொல்லிவிட்டு, சாப்பாட்டையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் வீட்டு அம்மா விடியற்காலையிலேயே எழுந்து உங்களுக்காகச் சமைக்கத் தொடங்கிவிடுவார்.